சுஹைலியும் மாதேயும்: நீளம் தந்தது எவ்வளவு, காலம் தந்தது எவ்வளவு?

1964 டிசம்பரில் மும்பை கொலாபாவில் ஒரு பாய்மரப் படகு தண்ணீரில் இறங்கியது. படகின் மூக்கான அணியத்தில் தேங்காய் உடைத்து வழியனுப்பினார்கள். பெயர் சுஹைலி. தேக்கு மரம், 32 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள். 2009 பிப்ரவரியில் இந்தியக் கடற்படை கோவாவில் கட்டிய இன்னொரு பாய்மரப் படகைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. பெயர் மாதேய். 56 அடி நீளம், ஒரே பாய்மரம், மெல்லிய மரக்கீற்றுகளுக்கு உள்ளும் புறமும் கண்ணாடி இழை. இரண்டுமே ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், உலகைச் சுற்றி வந்தவை. சுஹைலி எடுத்துக்கொண்டது 312 நாள். மாதேய் 150 நாள்.

இந்த இரண்டு எண்களையும் பார்த்ததும், தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தோன்றும். அதில் பாதிதான் உண்மை. படகின் நீளம் தருவது ஒன்று, அது கட்டப்பட்ட காலம் தருவது வேறொன்று. பழைய சின்னப் படகையும் புதிய பெரிய படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். பெரியதால் வந்த நன்மையைப் புதியதின் கணக்கில் எழுதுகிறார்கள், பழையதால் வந்த கஷ்டத்தைச் சிறியதின் தலையில் கட்டுகிறார்கள். இந்த இரண்டு படகுகளை எடுத்துக்கொண்டால் கணக்கை ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். இடையில் வேறு சில படகுகளும் சாட்சிக்கு வருகின்றன.

முதலில் பிறப்பு. சுஹைலியைக் கட்டச் சொன்னவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேய இளைஞர். ஊருக்குத் திரும்பும்போது சொந்தப் படகிலேயே போய்விடலாம் என்று போட்ட திட்டம் அது. உலகைச் சுற்றும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது. கைக்குக் கிடைத்த வரைபடம், அமெரிக்க வடிவமைப்பாளர் வில்லியம் அட்கின் 1920களில் வரைந்த 'எரிக்'. அதற்கும் ஒரு மூதாதை உண்டு. நார்வே கடற்கரையில் புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்ற, காலின் ஆர்ச்சர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த மீட்புப் படகுதான் அது. முன்னும் பின்னும் கூரான உடல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் நீண்ட ஏரா (படகின் அடியில் முதுகெலும்பு போலத் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் பகுதி), அதன் வாலிலேயே கட்டிய சுக்கான். கொலாபா ஆசாரிகள் வாய்ச்சியும் கையால் சுழற்றும் துளைப்பானும் கொண்டு தேக்குப் பலகைகளைச் செதுக்கிப் பொருத்தினார்கள். ஆக, சுஹைலி 1964இல் பிறந்தாலும் அதன் உருவம் அதற்கு 70 வருடம் மூத்தது. எந்தப் படகையும் அதன் கட்டுமான ஆண்டை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மாதேயின் வரைபடம் ஹாலந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்தினுடையது. 'டோங்கா 56' என்று பெயர். நீண்டதூரக் குடும்பப் பயணத்துக்கு வரைந்த படகு, பந்தயப் படகு இல்லை. கட்டியவர் கோவாவின் திவார் தீவில் படகுத் தளம் வைத்திருக்கும் ரத்னாகர் தண்டேகர். அதில் முதலில் உலகைச் சுற்றியவர் திலீப் தோண்டே. 2009 ஆகஸ்டில் கிளம்பி, நான்கு துறைமுகங்களில் நின்று, 2010 மேயில் மும்பை திரும்பினார். அந்தப் பயணத்துக்குத் தயாராக அவர் தொழில் கற்கப் போனது நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம்தான். அப்புறம் அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் 2013 மார்ச் 31 அன்று திரும்பி வந்தார்.

சரி, வேகத்துக்கு வருவோம். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகு ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்தை, அதாவது தண்ணீரைத் தொடும் மட்டத்தில் படகின் நீளத்தை, எட்டும்போது, படகின் மூக்கு ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலுமாக நடுவில் சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் போகவேண்டுமென்றால் தான் எழுப்பிய அலை மேலேயே ஏறவேண்டும். கனமான படகுக்கு அது ஆகாத காரியம். எவ்வளவு பாய் ஏற்றினாலும் கம்பிகள்தான் அலறும், வேகம் கூடாது. இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்று வந்துவிடும். சுஹைலியின் நீர்மட்ட நீளம் 28 அடி, எல்லை சுமார் 7. மாதேய்க்கு 50 அடி என்று வைத்துக்கொண்டால் 9.5. இது இயற்கை போட்ட கோடு. 1890 ஆனாலும் 2009 ஆனாலும் ஒன்றுதான்.

இப்போது நடந்ததைப் பார்ப்போம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். தூரம் 30,123 கடல் மைல். நாளுக்குச் சுமார் 96 மைல். மாதேய் மும்பையிலிருந்து கிளம்பியதால் அட்லாண்டிக்கில் மேலும் கீழும் போகும் நீண்ட பகுதி அதற்கு இல்லை. தூரம் சுமார் 23,000 கடல் மைல், நாளுக்குச் சுமார் 153 மைல். 312ஐயும் 150ஐயும் நேராக ஒப்பிடுவது நியாயமில்லை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. நாள் கணக்கில் மாதேய் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகத் தெரிந்தாலும், மைல் கணக்கில் 1.6 மடங்குதான். அந்த 1.6இல் நீர்மட்ட நீளம் மட்டுமே 1.34 மடங்கைக் கொடுக்கும். மீதியைத்தான் உருவமும் பொருளும் கருவிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நீளத்தின் வலிமைக்கு 1968லேயே ஒரு சாட்சி இருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் போனது கோல்டன் குளோப் என்ற, தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியில். அதே போட்டியில் பெர்னார் மோய்டெசியே 'ஜோஷுவா' என்ற எஃகுப் படகில் வந்தார். சுஹைலியை விட ஏழெட்டு அடி நீளம் அதிகம். அதுவும் இரண்டு பாய்மரம், நீண்ட ஏரா, அதே காலத்துக் கருவிகள். சுஹைலி கிளம்பி 69 நாள் கழித்துக் கிளம்பிய ஜோஷுவா, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையை சுஹைலிக்கு 19 நாள் மட்டுமே பின்னால் தாண்டியது. அதாவது ஹார்ன் வரை சுஹைலிக்கு 217 நாள், ஜோஷுவாவுக்கு 167 நாள். மோய்டெசியே அதற்கு மேல் இங்கிலாந்துக்குத் திரும்ப மனமில்லாமல் தாஹிட்டிக்குப் போய்விட்டார், அது வேறு கதை. ஒரே காலத்துப் படகுகளுக்குள் இவ்வளவு இடைவெளி என்றால், அதில் பெரும்பங்கு நீளத்துக்குத்தான் போகவேண்டும்.

ஆனால் எடை என்று வரும்போது காலம் முன்னுக்கு வந்துவிடுகிறது. சுஹைலி பத்து டன் அளவில் எடையுள்ள படகு. அதை அப்படியே, அதே விகிதத்தில், 50 அடி நீர்மட்டத்துக்குப் பெருக்கினால் எடை 57 டன் ஆகும். நீளம் கூடினால் எடை அதன் மும்மடி விகிதத்தில் ஏறும் என்பதால் இப்படி. மாதேயின் எடை 23 டன். மிச்சமான அந்த 34 டன்தான் நூறு வருடத்தின் சாதனை என்று நான் சொல்வேன். தேக்குச் சட்டம், தேக்குப் பலகை, இரும்பு ஆணி என்று கட்டிய உடலுக்குப் பதிலாக, மெல்லிய செவ்வகில் (சிடார்) மரக்கீற்றுகளை ஒட்டி, இருபுறமும் கண்ணாடி இழை போர்த்திய உடல். படகின் முழு நீளத்துக்கும் ஓடும் ஏராவுக்குப் பதிலாக, நடுவில் ஆழமாக இறங்கும் குறுகிய ஏரா. எதிர்காற்றில் முன்னேறும்போது இந்தக் குறுகிய ஏரா விமான இறக்கை மாதிரி வேலை செய்து படகைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும். நீண்ட ஏராவோ எதிர்காற்றில் நிறைய வழியைப் பக்கத்தில் இழந்துவிடும். காற்று குறைந்த நாட்களில் கனமான படகு அசைவதே கஷ்டம். சுஹைலியின் நாளாந்தச் சராசரியைக் கீழே இழுத்ததில் இந்த மந்தமான நாட்களுக்கும், மாதக்கணக்கில் அடியில் படிந்து வளரும் பாசிக்கும் கொட்டலசுக்கும் (ஒட்டிக்கொண்டு வளரும் சிறு ஓட்டுயிர்) பெரிய பங்கு உண்டு.

பொருள் மாறியதன் இன்னொரு பலன் இதைவிட முக்கியமானது. பலகை வைத்துக் கட்டிய படகில் ஒவ்வொரு பொருத்தும் ஒரு வாசல். கடலில் உடல் முறுக்கிக்கொள்ளும்போது பொருத்துகள் இளகும், பொருத்துகளில் திணித்த அடைப்பான கலப்பத்து கழன்று வெளியே வரும். சுஹைலி கிளம்பிச் சில வாரங்களிலேயே அட்லாண்டிக்கில் இதுதான் நடந்தது. ஏராவும் முதல் பலகையும் சேரும் இடத்தில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி கீழே, இருபுறமும் நீளமான விரிசல். நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் பருத்தித் திரியை உள்ளே அடிக்கப் பார்த்தார். மூச்சு முடிவதற்குள் திரி நிற்காமல் வெளியே வந்துவிடும். பிறகு திரியை ஒரு நீளமான கித்தான் பட்டையில் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளால் விரிசல் மேல் அடித்தார். அதன் மேல் செப்புத் தகடு. வெளுத்த தோல் சுறாவின் கண்ணில் படாமலிருக்கக் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினார். நடுவில் ஒரு சுறா சுற்றிவர, மேலே ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். இதெல்லாம் மாதேயில் தேவையே இல்லை. பொருத்தே இல்லாத ஒற்றை ஓடு அது.

அதே சுஹைலிக்கு 1997இல் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இடம் கொடுத்தார்கள். கட்டுப்படுத்திய வறண்ட காற்றில் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. தெற்குப் பெருங்கடலின் அடியைத் தாங்கிய உடல் அருங்காட்சியகத்தின் காற்றில் விரிசல் விட்டது. பார்க்கச் சகிக்காமல் 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துக் கடலுக்கே கொண்டுபோனார். மரப்படகை நனைத்தே வைத்திருக்க வேண்டும், யாராவது ஒருவர் ஓயாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கண்ணாடி இழைப் படகு அவ்வளவு கேட்காது.

அதற்காகப் பழைய உருவத்தை ஒதுக்கிவிட முடியாது. நீண்ட ஏராவுக்கு ஓர் அருமையான குணம் உண்டு: போட்ட திசையில் தானே போகும். சுஹைலியில் இருந்தது வீட்டில் செய்த மாதிரியான ஒரு தானோட்டிக் கருவி, காற்றின் திசையை வைத்துச் சுக்கானைத் திருப்பும். ஆஸ்திரேலியாவைத் தாண்டுவதற்குள் அது உடைந்து போய்விட்டது. பாதி உலகம் பாக்கி. முன்பாயையும் பின்பாயையும் கூட்டிக் குறைத்துச் சமன்செய்து, சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் தூங்கப் போனார், படகு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் வேண்டாம், உதிரிப் பாகம் வேண்டாம். இலகுவான நவீன உடல் அந்த அளவுக்குப் பொறுமையானது இல்லை. அதற்கு ஆட்டோபைலட் வேண்டும், ஆட்டோபைலட்டுக்கு மின்சாரம் வேண்டும், சக்கரத்திலிருந்து சுக்கான் வரை போகும் இணைப்புகள் ஒவ்வொன்றும் உறுதியாக இருக்கவேண்டும். மாதேயின் தங்கைப் படகான தாரிணி 2018 ஏப்ரலில், ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றித் திரும்பும் வழியில், சுக்கான் அமைப்பு பழுதாகி மொரீஷியஸின் போர்ட் லூயியில் எதிர்பாராமல் நிற்கவேண்டி வந்தது. சுஹைலியிலும் சுக்கான் பிடி உடைந்தது. ஆனால் அங்கே வேலை ஒரு மரக்கட்டையோடு முடிந்துபோகும்.

ஒரு ஆளுக்குப் பெரிய படகு சுமையா என்ற கேள்வியும் இங்கே வரும். சுஹைலியில் பாய் நான்கு துண்டாகப் பிரிந்திருந்தது. எதையும் ஒரு ஆள் கையால் இழுத்து அடக்கலாம். தாரிணியின் பாய்மரம் 25 மீட்டர் உயரம். அதன் பெரும்பாய் காற்றில் வெடிக்கும்போது கயிற்றைக் கையில் பிடிப்பது நடவாது, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இல்லாமல் ஒன்றும் ஆகாது. பெரிய படகில் தவறு செய்தால் விலையும் பெரியது. தோண்டேயும் டோமியும் பயிற்சி பெற்ற கடற்படையினர், உடல் திடமானவர்கள், பின்னால் கடற்படையே நின்றது. ஆசைக்குப் படகு வாங்கும் ஒரு தம்பதிக்கு இதே 56 அடி சரிப்படுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலானவர்களின் கைக்கு அடங்கும் அளவு 35க்கும் 42க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் புயலில் கதை மாறும். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, இங்கிலாந்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். பக்கவாட்டில் உடைந்து விழும் அலையின் உயரம் படகின் நீளத்தில் சுமார் 60 விழுக்காட்டை எட்டினால், எந்த வடிவமானாலும் படகு முழுதாகக் குப்புறப் புரளும் என்று தெரிந்தது. 32 அடிப் படகுக்கு அந்த எல்லை 19 அடி. 56 அடிப் படகுக்கு ஏறக்குறைய 34 அடி. தெற்குப் பெருங்கடலில் 19 அடி அலை ஒன்றும் அபூர்வமில்லை. 34 அடி அலையும் வரும், ஆனால் அது வந்து, சரியாக உங்கள் மேல் உடைவதற்கான வாய்ப்பு எவ்வளவோ குறைவு. சுஹைலி நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே ஒரு அலையில் பக்கவாட்டில் படுத்தது. அறையின் கூரையே இடம்பெயர்ந்தது, குடிதண்ணீர்த் தொட்டிகள் கெட்டுப்போயின. மீதி வழிக்கு மழைத்தண்ணீர்தான்.

இதில் நீளம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது 'துரியா'. கோல்டன் குளோப் போட்டியின் ஐம்பதாம் ஆண்டில், 2018இல், அதைப் பழைய முறையிலேயே திரும்ப நடத்தினார்கள். சின்னப் படகு, நீண்ட ஏரா, வழி கண்டுபிடிக்க, சூரியனும் நட்சத்திரமும் இருக்கும் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் மட்டும். அபிலாஷ் டோமிக்காக, மாதேயைக் கட்டிய அதே தண்டேகர், அதே கோவாவில், சுஹைலியின் உருவத்திலேயே ஒரு படகு கட்டினார். மாதேயில் உலகைச் சுற்றிய அதே ஆள், அதே தளம், ஆனால் 32 அடி. செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் துரியா புரண்டது. இரண்டு பாய்மரங்களும் ஒடிந்தன, டோமியின் முதுகெலும்பு நொறுங்கியது. உடல் மட்டும் மிதந்துகொண்டே இருந்தது. புதிய கட்டுமானம் படகை மூழ்கவிடவில்லை, சின்ன நீளம் புரள்வதைத் தடுக்கவில்லை. அந்த அலைகள் 56 அடியையும் புரட்டியிருக்கலாம். ஆனால் அத்தனை அலைகளில் எத்தனை எல்லையைத் தாண்டும் என்பதில்தான் வித்தியாசம், அங்கே 24 அடி நிறையவே பேசும்.

அப்புறம் நடந்தது முழுக்கக் காலத்தின் தயவு. நகர முடியாமல் படுத்திருந்த டோமி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பினார். மொரீஷியஸிலிருந்து கிளம்பிய இந்தியக் கடற்படை விமானம் படகைத் தேடிக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. 1968இல் சுஹைலியின் வானொலி சில மாதங்களிலேயே செத்துவிட்டது. நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் பேசியதற்குப் பிறகு, ஏப்ரல் முதல் வாரத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பல் பார்க்கும் வரை, நாக்ஸ்-ஜான்ஸ்டன் உயிரோடு இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. நாலரை மாதம். இந்த ஒரு விஷயத்தில் பழைய காலத்துக்காகப் பேச என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. 2024 அக்டோபரில் தாரிணியில் கடற்படை அதிகாரிகளான தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் உலகைச் சுற்றக் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மேயில் திரும்பும் வரை, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கரையில் தெரிந்துகொண்டே இருந்தது.

கடைசியாக ஒரு படகு. 2022இல் மறுபடி நடந்த கோல்டன் குளோப் போட்டியில் ஜெயித்தது தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். தனியாக உலகைச் சுற்றும் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண். அவருடைய 'மின்னஹாஹா' 36 அடி, கேப் ஜார்ஜ் என்ற வகை. அந்த வகைக்கு மூலவரைபடம் போட்டவர் சுஹைலியின் எரிக்கை வரைந்த அதே வில்லியம் அட்கின். ஆக அதே கை, அதே நீண்ட ஏரா, அதே செக்ஸ்டன்ட், நாலடி மட்டும் கூடுதல். ஆனால் உடல் கண்ணாடி இழை, பாயும் கம்பிகளும் இன்றையவை, ஐம்பது வருடம் பலர் பட்ட பாட்டிலிருந்து வந்த தயாரிப்பு. சுமார் 30,000 மைலை 235 நாளில் முடித்தார். வழியில் மூழ்கிய சக போட்டியாளரைக் காப்பாற்றிவிட்டு வந்தும்கூட. இரண்டாவதாக வந்தவர் அபிலாஷ் டோமி. முதுகில் உலோகம் வைத்துச் சரிசெய்துகொண்டு, அவரும் இந்த முறை 36 அடிப் படகில்தான் வந்தார். மின்னஹாஹாவின் ஓட்டம் நாளுக்குச் சுமார் 127 மைல். சுஹைலியின் 96க்கும் இதற்கும் நடுவிலுள்ள 31 மைலில் பெரும்பகுதி காலம் கொடுத்தது. 127க்கும் மாதேயின் 153க்கும் நடுவிலுள்ள 26 மைலில் பெரும்பகுதி நீளம் கொடுத்தது.